ஊசி முடியும்வரை காத்திருந்தால் பருவம் போய்விடும்: நாய்க்குட்டியை ஊருக்குப் பழக்குவது

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு அறிவுரைகள் வந்து சேரும். "எல்லா ஊசியும் முடியுறவரைக்கும் வெளியே கீழே விடாதீங்க, பார்வோங்கற கொடிய வயிற்றுப்போக்கு நோய் வந்துடும்" என்பார் மருத்துவர். "இப்பவே நாலு பேர் கூடப் பழக விடுங்க, இல்லேன்னா வளர்ந்தப்புறம் யாரைப் பார்த்தாலும் குலைக்கும்" என்பார் பக்கத்துத் தெருவில் நாய் வளர்ப்பவர். இருவர் சொல்வதும் சரிதான். இரண்டுக்கும் நாள் பொருந்தவில்லை என்பதுதான் தொல்லை.

நாய்க்குட்டிக்குப் புதியதை அச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு முன்பின் பார்க்காத எதுவும் முதலில் ஆபத்தாகவே படும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் செய்த வேலையிலிருந்து கிடைத்த அறிவு இது. அங்கேயே ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் காக்கர் ஸ்பேனியல், பீகிள் குட்டிகளை வேலியிட்ட திறந்தவெளியில் மனிதப் பழக்கமில்லாமல் வளர்த்து, வெவ்வேறு வாரங்களில் உள்ளே எடுத்துவந்து பழக்கிப் பார்த்தார்கள். 1961இல் வெளியான முடிவு இது: 14 வாரம்வரை மனிதரோடு பழகாத குட்டிகள் அதன்பின் எவ்வளவு முயன்றும் மற்றவை போல ஆகவில்லை.

ஊசிக் கணக்கு வேறு. கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குச் சற்றுப் பிறகோ விழ வேண்டும். இத்தனை தடவை போடுவதற்குக் காரணம் சீம்பால். அதில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி, குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் சேர்த்தே முறியடித்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எந்த வாரம் வடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆக, பாதுகாப்பு முழுசாக வரும் நாளில் பழகும் பருவம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும்.

அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவச் சங்கம் 2008இல் இதற்கு ஒரு நிலைப்பாடு எடுத்தது: முதல் ஊசியும் முதல் குடற்புழு மருந்தும் கொடுத்து ஏழு நாள் கழிந்தால், 7 அல்லது 8 வாரத்திலேயே குட்டிகளுக்கான வகுப்புக்குக் கூட்டிப்போகலாம். அங்கே அது சரிப்படும். தெருவில் ஊசி போடாத நாய்கள் குறைவு. நம் ஊரில் தெரு முனைக்கு நான்கு நாய், அவற்றில் எதற்கு ஊசி போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு திருத்தம் செய்ய வேண்டும்: வெளியே கொண்டுபோங்கள், தரையில் மட்டும் இறக்காதீர்கள்.

தரை ஏன் இவ்வளவு முக்கியம்? பார்வோ கிருமி நோய்கண்ட நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும். ஃபினாயில் ஊற்றித் துடைப்பதை நம்ப முடியாது. சோப்புத் தண்ணீரால் கழுவியபின், ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைப்பதுதான் வேலை செய்யும். குட்டி இருக்கும் வீட்டில் செருப்பை வாசலுக்கு வெளியே விடும் நம் பழைய வழக்கம் இங்கே உண்மையிலேயே மருந்து. மோசமான இடங்கள் என்றால் தெருமுனை மின்கம்பத்தடி, பூங்கா, கடற்கரை மணல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கால்நடை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். பலரும் மருத்துவமனைதானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று குட்டியைத் தரையில் விடுகிறார்கள். நோய்கண்ட நாய்கள் வந்துபோகும் தரை அது. மடியைவிட்டு இறக்காதீர்கள், எடை பார்க்கும் மேசையில் ஒரு துண்டை விரித்து நிறுத்துங்கள். வேறு நாய் ஏறாத மொட்டைமாடி, ஊசி முறையாகப் போட்ட பெரிய நாய் இருக்கும் நண்பர் வீடு, கார் இருக்கை ஆகியவை பரவாயில்லை. மழை பெய்து தேங்கிய தண்ணீரைத் தொடவே விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்திருந்தால் லெப்டோ என்னும் எலிக்காய்ச்சல் வரும்.

தூக்கிப்போக, அடியில் தடித்த அட்டை வைத்த துணிப் பை போதும். பையின் கைப்பிடியில் ஒரு சிறு கயிறு கட்டி அதைக் குட்டியின் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் அல்ல, குதித்தால் தொங்கிவிடும். கையில் தூக்கினால் ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்னங்கால்களுக்கடியில். முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்குவது குழந்தைகள் செய்வது; தோள் மூட்டுக்கு நல்லதல்ல, குட்டிக்கும் பிடிக்காது. லாப்ரடார் எட்டு வாரத்தில் நாலு முதல் ஆறு கிலோ இருக்கும், தூக்கலாம். பன்னிரண்டு வாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு கால் மணி நேரம் நிற்க முடியாது. அப்போது காரின் பின்கதவைத் திறந்துவைத்து அதற்குள் உட்காரவைத்து வேடிக்கை காட்டலாம். கார் இல்லாதவர்கள் மடியில் துண்டு விரித்து ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் ஆயிற்று.

ஒரு தடவைக்கு பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. அதற்கு மேல் வேண்டாம். குட்டி நாளில் 18 மணி நேரத்துக்குமேல் தூங்க வேண்டியது. தூக்கம் கெட்ட குட்டி எதைப் பார்த்தாலும் மிரளும், மாலையில் காலைக் கடிக்கும். நேரம் காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின்.

வெளியே போய் என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. பள்ளி விடும் நேரத்தில் கேட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி நில்லுங்கள். குட்டி பார்க்கட்டும். பார்த்ததும் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு, அரைக் கொண்டைக்கடலை அளவில், ஒன்று. மறுபடி பார்த்தால் மறுபடி ஒன்று. ஒரு தடவை வெளியே போனால் பதினைந்து இருபது துண்டு போதும். நாள் முழுக்கக் கொடுக்கும் தீனி மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வயிற்றுப்போக்கு வரும். அது பார்வோவா தீனியா என்று தெரியாமல் நீங்கள் பதறுவீர்கள்.

பழக்குவது என்றால் எல்லோரிடமும் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் நம் ஊரில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி இதிலிருந்துதான் வருகிறது. குட்டிக்குப் புரிய வேண்டியது "எல்லோரும் என் நண்பர்கள்" என்பதல்ல, "இது நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம்" என்பதுதான். எதிரே வருகிற ஒவ்வொருவரும் கொஞ்சினால், துணிச்சலான குட்டி ஏழாம் மாதத்தில் 25 கிலோவோடு எல்லோர்மேலும் தாவும். கூச்சமுள்ள குட்டியோ, தெருவில் வரும் மனிதர்கள் எல்லாரும் தன்னைப் பிடிக்க வருபவர்கள் என்று முடிவுகட்டிவிடும். பத்துப் பேரைப் பார்த்தால் இரண்டு மூன்று பேர் தொடட்டும், போதும். "ஊசி இன்னும் முடியலைங்க, தொட வேண்டாம்" என்று சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை.

தொடுகிறவருக்கும் ஒரு முறை உண்டு. நேருக்கு நேர் குனியாமல் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவராமல், தாழ்வாக நீட்டி, குட்டி தானாக வந்தால் மோவாய்க்கடியிலோ நெஞ்சிலோ மூன்று நொடி சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி நெருங்கி வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

யாரைப் பார்க்க வேண்டும் என்பதில் கொஞ்சம் கற்பனை தேவை. வீட்டில் இருக்கும் நான்கு பேரையும் குட்டி ஒரே நாளில் பழகிவிடும். பிறகு குலைப்பதெல்லாம் ஹெல்மெட் போட்டவர், முதுகில் சதுரப் பெட்டிப் பையோடு வரும் டெலிவரி பையன், கைத்தடி ஊன்றும் தாத்தா, குடை, மழைக்கோட்டு, பர்தா, மடித்துக் கட்டிய லுங்கி, தாடி, சீருடைக் காவலாளி, அவர் கையிலிருக்கும் டார்ச், கேஸ் சிலிண்டரை உருட்டிவருகிறவர் என்றுதான் இருக்கும். வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். ஹெல்மெட்டைத் தரையில் வைத்து, சுற்றிலும் தீனி போட்டு மோந்து பார்க்க விடுங்கள். மறுநாள் கையில் பிடித்திருங்கள். அதற்கடுத்த நாள் தலையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். குடையை முதலில் திறந்தபடியே காட்டுங்கள். திறக்கும் அந்தப் 'படக்'தான் பயமுறுத்துகிறது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கடியிலும் வேறுபாடு வேண்டும்: வழுக்கும் டைல்ஸ், மாடித் தட்டோடு, கயிற்று மிதியடி, ஈரத் தரை, இரும்புக் கம்பி மூடி, படி. லிஃப்ட் தனிப் பாடம். அது கிளம்பும்போது தரை உதறுவது குட்டிக்கு விளங்காது. முதல் சில தடவை மடியில் தூக்கியபடியே ஒரு மாடி மட்டும் போய்த் திரும்புங்கள்.

பயந்திருக்கிறதா இல்லையா என்பதைப் படிக்கத் தெரியாமல் இதில் எதையும் செய்யாதீர்கள். வால் அடங்குவதும் நடுங்குவதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே சிறு அறிகுறிகள் வந்துவிடும்: உணவில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்பது, காது பின்னால் ஒட்டுவது. எளிய அளவுகோல் கோழித் துண்டு. மெதுவாக வாங்கினால் தூரம் சரி. விரலோடு சேர்த்து வெடுக்கென்று பறித்தால் எல்லையில் நிற்கிறது. வாங்கவே மறுத்தால் மிக நெருங்கிவிட்டீர்கள். வாங்கும்வரை பின்னால் நடங்கள். சத்தம் கேட்டுத் துள்ளுவதில் தவறில்லை. துள்ளிய சில நொடியில் தெளிந்து சுற்றுமுற்றும் பார்த்தால் நல்ல குட்டி. ஒரு நிமிடம் ஆகியும் ஒடுங்கியே இருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

இங்கேதான் "பயம் தெளியட்டும்" என்று குட்டியை அந்தப் பொருளுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோவார்கள். அது அடங்கிப் போய்ச் சும்மா கிடக்கும். பழகிவிட்டது என்று பெருமைப்படுவார்கள். பழகவில்லை, உறைந்திருக்கிறது, அடுத்த தடவை அந்த இடத்துக்குப் போகும் தெருவிலேயே உட்கார்ந்து வர மறுக்கும். இன்னொரு தவறு உறுமலுக்கு அடிப்பது. உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் எச்சரிக்கை போகும், பயம் இருக்கும். பிறகு கடி சொல்லாமல் வரும். "பயந்தப்போ தூக்கிக் கொஞ்சினா பயம் பழகிடும்" என்பதும் சரியல்ல. அணைத்து ஆறுதல் சொல்வதால் பயம் அதிகமாகாது. நீங்கள் பதறிக் கத்தினால்தான் அதிகமாகும்.

சத்தத்துக்கு வருவோம். குக்கர் விசில், மிக்ஸி இரண்டையும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வீடு பழக்கிவிடும். மிக்ஸியை முதலில் அடுத்த அறையிலிருந்து கேட்கும்படி, குட்டி சாப்பிடும்போது போட்டால் போதும். பழைய இரும்பு வாங்கும் வண்டியின் ஒலிபெருக்கி, கோயில் தவில், சாவு ஊர்வலப் பறை, அதோடு போடும் வெடி ஆகியவை திடீரென்று வருபவை. ஆகவே கைவசம் எப்போதும் ஒரு டப்பாவில் தீனி இருக்கட்டும். வரிசை முக்கியம்: சத்தம் முதலில், தீனி அடுத்த நொடி. மாற்றி, சத்தம் வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டித் தீனி கொடுத்தால், தீனி டப்பாவைத் திறந்தாலே ஏதோ வரப்போகிறது என்று குட்டி பயப்படக் கற்றுக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் செய்து கெடுப்பது இது.

தீபாவளிக்குப் பதிவு செய்த பட்டாசு ஒலியை வைத்துப் பழக்கலாம். காது லேசாக அசையும் அளவில் தொடங்கி, தினம் ஐந்து நிமிடம், சாப்பாட்டு வேளையில். காதைக்கூட அசைக்காமல் சாப்பிட்டால் மறுநாள் ஒரு கோடு கூட்டுங்கள். சாப்பாட்டை நிறுத்தினால் இரண்டு கோடு குறையுங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் வெடியின் அடிவயிற்றை உலுக்கும் தாழ்ந்த ஒலி வராது, தரை அதிர்வும் கந்தக வாடையும் வராது. நல்ல ஒலிபெருக்கி இருந்தால் அதில் போடுங்கள், இருந்தாலும் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் உண்டு. தெருப் பையன்களுக்கு அது முந்தின வாரமே தொடங்கிவிடுகிறது என்பது வேறு கதை. அந்த நாட்களில் நடையை விடியலுக்கு முன்பே முடித்துவிட்டு, ஜன்னல் குறைந்த உள்ளறையில் மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, கட்டிலடியில் புகுந்தால் இழுக்காமல் விடுங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பை மட்டும் மந்தப்படுத்திப் பயத்தை அப்படியே விட்டுவைக்கும் மருந்து வேண்டாம், பதற்றத்தைக் குறைப்பது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மற்ற நாய்களோடு பழக, ஊசி போட்ட, குட்டிகளிடம் பொறுமையுள்ள பெரிய நாய் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் பெரிது. குட்டி அத்துமீறும்போது அது ஒரு 'உர்' சொல்லித் தள்ளிவிட்டுப் போகும். அந்தப் பாடத்தை மனிதர் சொல்லித்தர முடியாது. எட்டு வாரம்வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்த குட்டிக்கு அதில் பாதி தெரிந்திருக்கும்: கடி அழுத்தமாக விழுந்தால் மறுபக்கம் கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும் என்பது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017இன் மத்திய அரசு விதி சொல்கிறது. ஆனாலும் முப்பது, நாற்பது நாள் குட்டிகள் தாராளமாகக் கைமாறுகின்றன. வாங்கும் முன் தாயைப் பாருங்கள். குட்டிகள் வீட்டுக்குள் வளர்ந்தனவா, கொட்டகையிலா என்று பாருங்கள். பழகும் பருவத்தில் பாதி அங்கேதான் கழிந்திருக்கிறது.

தெருநாய்களோடு நட்பாக்க வேண்டாம், தொலைவில் அமைதியாகக் கடந்துபோகப் பழக்கினால் போதும். எந்த வளைவில் எந்தக் கூட்டம், அவை எப்போது தூங்குகின்றன என்பதைக் குட்டியில்லாமல் நீங்கள் மட்டும் ஒருநாள் நடந்து தெரிந்துகொள்ளுங்கள். உச்சிவெயிலில் அவை படுத்திருக்கும். ஆனால் அப்போது தார்ச்சாலை குட்டியின் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் குட்டியும் நடக்க முடியாது. ஊசி முடிந்து நடக்கத் தொடங்கும்போது கூட்டம் குலைத்து வந்தால் ஓடாதீர்கள், குட்டியைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள். தூக்கினால் அவை உங்கள்மேல் தாவும். உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் குட்டியை விட்டு, நிதானமாக வந்த வழியே நடங்கள்.

மாடு, ஆடு, கோழி, பூனையைத் தூரத்திலிருந்து காட்டுவது எல்லாக் குட்டிக்கும் நல்லது. சிப்பிப்பாறை, கன்னிக் குட்டிகளுக்குக் கட்டாயம். ஓடுவதைக் கண்டதும் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. ஆறாம் மாதத்தில் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்தபின் பாடம் எடுத்துப் பயனில்லை. கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்த கணத்தில் தீனி. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து, காற்று மேலே படாமல், கைதட்டிப் பாருங்கள். செவிடு என்றால் அதற்கு முதல் பாடமே தொடுதல்தான்: தோளில் லேசாக விரல் பட்டதும் மூக்கருகே தீனி, நாளுக்கு இருபது தடவை. தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகாமல் போகும்.

கையாளப் பழக்குவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையில் நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் நாய்களின் பின்கதை இதுவே. தினம் இரண்டு நிமிடம்: காதைத் தூக்கி உள்ளே பார்த்து ஒரு துண்டு, ஒவ்வொரு விரலாக அழுத்தி ஒரு துண்டு, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து ஒரு துண்டு, வாலடி, அக்குள், விரலிடுக்கு என்று உண்ணி தேடும் இடங்கள் எல்லாம். நகவெட்டியை முதல் வாரம் வெறுமனே நகத்தில் தொட்டு எடுங்கள்; இரண்டாம் வாரம் ஒரே ஒரு நகத்தின் நுனி. ஊசி இல்லாத நாளிலும் மருத்துவமனைக்கு ஒருமுறை போய், மேசையில் நிறுத்தி, தீனி கொடுத்துத் திரும்புங்கள். பல மருத்துவர்கள் கூட்டமில்லாத வேளையில் இதற்குச் சம்மதிப்பார்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் விதி சுருக்கமானது: குழந்தை தரையில் உட்கார வேண்டும், குட்டிதான் போக வேண்டும், தூக்கக் கூடாது, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது. இதோடு ரேபிஸையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். குட்டிக்கு ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில்தான். "சின்னக் குட்டிதானே" என்று விட்டுவிட முடியாது. தெருவிலிருந்து எடுத்த குட்டிக்கும் அந்த நோய் இருக்கலாம். பல் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போய் ஊசி பற்றிக் கேளுங்கள்.

பதினாறு வாரத்தில் கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தரையில் இறக்கும்போது, மடியிலிருந்து பார்த்த அதே இடங்களுக்கே முதலில் போங்கள். உயரத்திலிருந்து பார்த்த பேருந்து, தரையிலிருந்து பார்க்கும்போது வேறு உருவம். இரண்டு மடங்கு தள்ளி நின்று தொடங்குங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒன்றேகால் வயதுக்குள், நன்றாகப் பழகியிருந்த நாயும் திடீரென்று குப்பைத் தொட்டியைப் பார்த்து மிரளும், நேற்றுவரை தெரிந்த காவலாளியைக் குலைக்கும். பருவ வயதுக் கோளாறு. இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் கூட்டித் தீனியைப் பெருக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாமல் உறுமலும் பாய்ச்சலுமாகக் கூடிக்கொண்டே போனால், முதலில் காது, பல், மூட்டு வலியில்லையே என்று மருத்துவரிடம் பார்த்துவிட்டுப் பிறகு பயிற்சியாளரைத் தேடுங்கள். சங்கிலியை வெடுக்கென்று இழுத்து, நாயைத் தரையில் அழுத்திக் காட்டுபவராக இருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை என்று அன்றே திரும்பிவிடுங்கள். தெருவிலிருந்து நாலாம், ஐந்தாம் மாதத்தில் எடுத்த குட்டிக்கும் இதே முறைதான். வாரத்தில் நடப்பது அதற்கு மாதத்தில் நடக்கும், சில விஷயங்களில் அது கூச்சம் முழுக்கப் போகாத நாயாகவே இருக்கும். விருந்தாளி வரும்போது உள்ளறையில் ஒரு எலும்புப் பொம்மையோடு விட்டுவிட்டால் அதற்கும் நிம்மதி, விருந்தாளிக்கும் நிம்மதி.